காணிக்கைக் கார்

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அபிகாயில் அதை நகர்த்தவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கைக் காணோம்.

மூன்று மாதமாக எரிந்துகொண்டிருந்த விளக்கு. ஜீடிமெட்லாவில் இருக்கும் மருந்துக் கம்பெனிக்கு அவள் வேலைக்குப் போகும்போதும் எரியும், திரும்பி வரும்போதும் எரியும். போன மாதம் பாலாநகர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி உதறி உதறி நின்றே போனது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. இறங்கி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளியவள் அவள்.

போன வாரம் மெட்டுகுடா பேக்கரி வாசலில் நின்று, "பண்டிகை முடியட்டும் அபி, அம்மா உங்க வீட்டுக்கு வந்து முறைப்படி பேசுவாங்க" என்று ஜேம்ஸ் சொன்னதிலிருந்து அவளுக்கு எதைப் பார்த்தாலும் நல்லதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. அந்த நல்ல மனசோடுதான் ஞாயிற்றுக்கிழமை காலை, வாளியும் துணியுமாகக் காரைத் துடைக்க இறங்கினாள். இன்றைக்கு அந்தக் கார் வீட்டை விட்டுப் போகிறது. தேவாலயச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அப்பா கிதியோன் அதைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்.

சிகந்தராபாத்தில் வயல் ஏது, அறுப்பு ஏது என்று அந்தச் சபையில் யாரும் கேட்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பண்டிகை. வீட்டுக்கு வீடு எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். வாழைத்தார், கேக், முட்டையிடும் கோழி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். போன வருஷம் சபைப் பொருளாளர் ஒரு ஃப்ரிட்ஜைக் கொடுத்துக் கைதட்டல் வாங்கிவிட்டார். அதைத் தாங்கமாட்டாமல், இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்தில் கிதியோன் எழுந்து நின்று, "என் கார்" என்று சொல்லிவிட்டார். சொல்லி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு விளக்கு ஞாபகம் வந்தது.

"ஃபிரெடி!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "காரை மெக்கானிக்கிட்ட விட்டியா?"

தம்பி வாயில் இட்லியோடு வாசலுக்கு வந்தான். "ஹவ் அக்கா. அயிபோயிந்தி, முடிஞ்சாச்சு."

"என்ன மாத்தினாங்க?"

இட்லி தொண்டையில் ஒரு நொடி நின்று, பிறகு இறங்கியது. "ஏதோ மாத்தினாங்க. லைட் போயிடுச்சுல்ல? கைக்கு, எதுக்கு டென்ஷன்?"

பொய் சொல்லும்போது ஃபிரெடி கழுத்தைச் சொறிவான். இப்போதும் சொறிந்தான். அபிகாயில் குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி செருகியிருந்தது.

"இது என்னடா?"

"ஸ்கேனர். வண்டில என்ன கோளாறுன்னு போன்ல ஒரு நம்பர் வரும், அதான் கோடு. கிளியர்னு அமுக்கினா கோடு அழிஞ்சிடும், லைட்டும் அணைஞ்சிடும். ஜேம்ஸ் அண்ணாதான் காட்டிக் கொடுத்தாங்க. அவங்க கம்பெனி டாக்சி எல்லாத்துக்கும் இதான். அவங்க போன்லயும் இந்த ஆப் இருக்கு."

"கோடு அழிஞ்சிடும். கோளாறு?"

ஃபிரெடி மறுபடி கழுத்தைச் சொறிந்தான். "அது... இருக்கும். ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலன்னு காட்டிச்சு. ரெண்டு மூணு நாள் ஓட்டினா லைட் திரும்ப வந்துடும். ஆனா அதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும்ல?"

அபிகாயிலுக்கு உள்ளங்கால் வரை சூடேறியது. அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில், சரியில்லாத ஒரு முடிவைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு மறுபடி சோதனை போட்டாள் பானு என்ற பெண். மருந்தில் கோளாறு இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அழித்தாயா என்று மட்டும்தான் கேட்டார்கள். அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருஷமாகச் சோறு தின்கிறவள் வீட்டில் இப்படி ஒரு காரியம்!

"ஏட்டி, காலங்காத்தால என்ன சத்தம்?" வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு கிதியோன் வந்தார். சபை ஏலத்தில் மைக் பிடிப்பது வருஷா வருஷம் அவர்தான். அவர் வாய்ச்சாலத்துக்கு எலுமிச்சம்பழம்கூடப் பலாப்பழ விலைக்குப் போகும்.

"இவன் என்ன பண்ணியிருக்கான்னு தெரியுமாப்பா?"

"வெளக்க அணைச்சிருக்கான். நாந்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"வெளக்கு எரிஞ்சா கோளாறு. எரியலன்னா கோளாறு இல்ல. அதுக்கு மேல எனக்கு என்னட்டி தெரியும்?"

"காய்ச்சல்காரப் பிள்ளைகிட்டேருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கி வெச்சா காய்ச்சல் விட்டுடுமா?"

"அக்கா, நக்கோ, வேணாம்..." என்று ஃபிரெடி நடுவில் வந்தான்.

"நீ வாயை மூடு."

கிதியோன் குரலைத் தாழ்த்தினார். "கமிட்டில சொல்லியாச்சு. ஏல மேசைமேல எழுதி ஒட்டியும் ஆச்சு. இப்பப் போயி இது ஓட்டை வண்டின்னு சொன்னா, அந்தப் பொருளாளர் ஊரெல்லாம் சிரிப்பான். ஆண்டவருக்குக் கொடுக்கிறதை மனசாரக் கொடுப்போம். மிச்சத்தை அவர் பாத்துக்கிடுவார்."

"ஆண்டவரா இதை ஓட்டப் போறாரு? பாலாநகர் மேம்பாலத்துல நின்னப்போ ஆண்டவரா இறங்கித் தள்ளினாரு? நான் தள்ளினேன். எடுக்கிறவங்க வீட்ல யார் தள்ளுவாங்க?"

அம்மா மட்டும் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கூத்து இவ்வளவு தூரம் வந்திருக்காது. அம்மா தூத்துக்குடியில், பெரிய மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

கிதியோன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி. ஏலம் விடும்போது மைக்கிலயே சொல்லிருதேன். எஞ்சின்ல ஒரு வேலை பாக்கி இருக்கு, பாத்து எடுங்கன்னு. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணப்படாதுன்னு வேதத்துல இருக்கது உனக்குத் தெரியாதா? சொன்னா சொன்னதுதான்."

அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் வாளியைக் கையில் எடுத்தாள்.

பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையில் ஜேம்ஸ் வந்தபோது காரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஒலிபெருக்கிச் சாமானோடு கிதியோனும் ஃபிரெடியும் ஆட்டோவில் போவதால், காரை ஆலயத்துக்கு ஓட்டிப்போகும் வேலை ஜேம்ஸுக்கு. அவன் சாவிக்காகக் கையை நீட்டினான். சாவியை வாங்கின பிறகும் கை உடனே திரும்பவில்லை.

"மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

"பின்ன? எங்க வீட்டுக்கு வரப்போற வண்டியாச்சே."

"என்னது?"

"அம்மா எடுக்கப் போறாங்க. அப்பாவை டயாலிசிஸுக்கு ஆட்டோல ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி அவங்களுக்கு முதுகே போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதே, விலையை ஏத்திடுவாங்க."

"ஜேம்ஸ், அந்த வண்டில..."

"ஆராதனைக்கு மணி அடிச்சிருவாங்கப்பா, கெளம்பு கெளம்பு!" கிதியோன் ஆட்டோவுக்குள்ளிருந்து கையை ஆட்டினார். கார் தெருமுனை திரும்பிவிட்டது.

ஜேம்ஸின் அம்மா, மரியபுஷ்பம் அத்தை! எத்தனையோ பேர் எடுக்கலாம், அவர்களா எடுக்க வேண்டும்? ஆலயத்துக்கு ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் அபிகாயில் கண்முன் மேம்பாலமே நின்றது. ஏற்றத்தில் நின்ற கார், பின்சீட்டில் சாய்ந்து கிடக்கும் நோயாளி, தள்ளுவதற்கு அறுபது வயது அத்தை. 'அப்பா சொல்லிடுவாங்க. சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.' ஆராதனை முழுவதும் அவள் செய்த ஜெபம் இது ஒன்றுதான்.

ஏலம் களை கட்டியது.

"இந்தப் பூசணிக்காயைப் பாருங்க! நம்ம பொருளாளர் வயித்தைப் போல உருண்டு தெரண்டு... யாருப்பா அங்க சிரிக்கது, கையைத் தூக்கிட்டு சிரி!" கிதியோன் குரலுக்கு வளாகமே குலுங்கியது. ஒரு கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு பிரியாணிப் பந்தலுக்குள் ஓட, "அது போகவேண்டிய இடத்துக்குத்தான் போகுது, விடுங்க!" என்றார். மறுபடியும் சிரிப்பு.

கடைசியாகக் கார். வேப்பமர நிழலில், முகப்பில் சாமந்தி மாலையோடு பளபளவென்று நின்றது. கிதியோன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கூட்டம் முழுவதும் அவரையே பார்த்தது. பொருளாளரும் பார்த்தார்.

அபிகாயில் ஓரடி முன்னால் வந்தாள்.

"பதினாலு வருஷமா என் குடும்பத்தைச் சுமந்த வண்டி! சொந்தப் பிள்ளை மாதிரி வளத்தது. உள்ள போய்ப் பாருங்க, ஒரு வெளக்கு எரியுதா? எஞ்சின் தங்கம்! ஆரம்பிக்கலாமா?"

அவ்வளவுதான். வேலை பாக்கி என்று ஒரு வார்த்தை இல்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். 'ஒரு வெளக்கு எரியுதா' என்று கேட்கிறாரே! அந்த மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல்!

கூட்டத்தின் முன்வரிசையில் மரியபுஷ்பம் கையைத் தூக்கினாள். ஓய்வுபெற்ற நர்ஸ், நறுக்கென்று பேசுகிறவள். பக்கத்திலிருந்தவள் ஏதோ கேட்க, "கிதியோன் அண்ணாச்சி கொடுத்த வண்டிய நான் என்னத்தப் பாக்கணும்? கண்ண மூடிட்டு எடுப்பேன்" என்று அவள் சொன்னது அபிகாயில் நின்ற இடம்வரை கேட்டது.

அபிகாயில் ஃபிரெடியின் சட்டையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்தாள். "போனைக் கொடு. அந்த ஆப்பைத் திற."

"அக்கா, அப்பா கொன்னுடுவாரு."

"முதல்ல நான் கொல்றேன். திற."

கூட்டத்துக்கு மறுபக்கம் இருந்த கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்கள். ஃபிரெடி வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருப்பினான். போன் திரையில் வரிசையாக விவரங்கள் வந்தன. கோளாறு எதுவும் இல்லை என்று பச்சையில் காட்டியது. அவள் விரலால் கீழே தள்ளினாள். சோதனைக்கூடத்துப் பழக்கம்; முதல் பக்கத்தோடு எதையும் நம்பமாட்டாள். கீழே ஒரு வரி இருந்தது. கோடு அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம்.

பூஜ்யம்.

"நீ எப்ப அழிச்ச?"

"வியாழக்கிழமை. அப்புறம் இதை எடுத்துட்டுதான் நாச்சாரத்துக்கு வேலைக்குப் போய்ட்டு வந்தேன், ரெண்டு நாளும்..." ஃபிரெடி திரையைப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடி நின்றது. "நான் இல்லக்கா. இன்னைக்கு நான் தொடவே இல்ல. இங்க நிறுத்தின பிறகு யாரோ அழிச்சிருக்காங்க."

நிறுத்தியது ஜேம்ஸ். அவன் போனிலும் அந்த ஆப் இருக்கிறது.

ஜேம்ஸ் பாடகர் குழுவோடு நின்றிருந்தான். அவள் கூப்பிட்ட விதத்திலேயே அவன் முகம் மாறிவிட்டது. பந்தல் ஓரத்துக்கு வந்தான்.

"நீங்களா அழிச்சீங்க?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "கேட் பக்கம் வரும்போது லைட் வந்துடுச்சு அபி. கோடைப் பார்த்தேன், சிலிண்டர் கோளாறு. உங்கப்பா இத்தனை பேர் முன்னாடி தலைகுனியக் கூடாதுன்னு... நாளைக்கே நான் மெக்கானிக்கிட்ட விட்டுச் சரி பண்ணிடுவேன். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. உனக்காகத்தான் செஞ்சேன்."

'உனக்காக' என்ற அந்த வார்த்தையைக் கேட்க ஒரு வாரமாக அவள் எப்படியெல்லாம் ஏங்கியிருக்கிறாள்! இன்றைக்கு அது காதில் விழுந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்கப்பா மானத்துக்கு உங்கம்மாவை ஏமாத்துவீங்க. நாளைக்கு உங்கம்மா மானத்துக்கு என்னை ஏமாத்த மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"இது சின்ன விஷயம் அபி."

"உங்கப்பா பின்சீட்ல படுத்துக்கிட்டு வரப்போற வண்டி. சின்ன விஷயமா?"

"சத்தம் போடாதே. இன்னும் ரெண்டு நிமிஷம், ஏலம் முடிஞ்சிடும். ஒண்ணும் பேசாம இரு. ப்ளீஸ். நம்ம கல்யாணத்தை நினைச்சுப் பாரு."

"ஒரு தரம்!" என்று மைக் முழங்கியது. "மரியபுஷ்பம் அம்மா, ஒரு தரம்! ரெண்டு தரம்..."

கல்யாணத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்துக்கொண்டேதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"அப்பா, நிறுத்துங்க. அத்தை, அந்தக் காரை எடுக்காதீங்க."

மைக் இல்லாமலே அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. கிதியோன் கையில் மைக் 'கொய்ங்' என்று அலறியது.

"எல, அந்த மைக்க ஆஃப் பண்ணு" என்றார் யாரிடமோ. பிறகு அவளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏட்டி, உள்ள போ."

"நீங்க சொல்றேன்னு சொன்னீங்க. நீங்க சொல்லல, நான் சொல்றேன். அந்த வண்டில எஞ்சின் கோளாறு இருக்கு. விளக்கு எரியாததுக்குக் காரணம், எரியவிடாம அழிச்சிருக்கோம். எங்க வீட்ல வெச்சே அழிச்சோம். எந்த ஏத்தத்துல நிக்கும்னு சொல்ல முடியாது."

பூசணிக்காய்க்குச் சிரித்த கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. பொருளாளர் மட்டும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கிதியோன் மேசையைப் பிடித்துக்கொண்டார். அபிகாயிலுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர், மைக் இல்லாத சின்னக் குரலில். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க... வாய் வரல."

மரியபுஷ்பம் தூக்கிய கையை மெல்ல இறக்கினாள். கிதியோனைப் பார்த்தாள், அபிகாயிலைப் பார்த்தாள்.

"இதென்ன புள்ள, புதுசா இருக்கு. காலைல இந்த வண்டிய ஓட்டிட்டு வந்தது எங்க ஜேம்ஸ்தானே? வண்டி விஷயத்துல அவன் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது. கோளாறு இருந்தா மொத ஆளா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பான்." அவள் திரும்பி, மகனைத் தேடிப் பிடித்தாள். "ஏன்டா, உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

எல்லாத் தலைகளும் ஜேம்ஸ் பக்கம் திரும்பின.

அபிகாயிலும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. 'ஆமாம்மா, நானும்தான்' என்று அவன் சொல்லிவிட்டால், இந்தச் சபை முழுக்கக் காறித் துப்பினாலும் அவள் அவன் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

ஜேம்ஸ் அம்மாவை மட்டும் பார்த்தான்.

"இல்லம்மா. எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் ஓடிச்சு."

"பாத்தியா?" என்றாள் மரியபுஷ்பம், கூட்டத்துக்கும் சேர்த்து. "எம் புள்ள பொய் சொல்ல மாட்டான். அண்ணாச்சி, உங்க வீட்டுக்குள்ள என்ன சண்டையோ எனக்குத் தெரியாது. அதை ஏலத்துக்குக் கொண்டு வராதீங்க."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "சம்பந்தம் பேசற நேரத்துல ஒரு பொண்ணு இப்படியா வாய் நீட்டுவா?" என்றது. இன்னொன்று, "பெத்த அப்பனையே!" என்றது. ஃபிரெடி அக்கா பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றான். "சலோ அக்கா, வீட்டுக்குப் போலாம்" என்று முணுமுணுத்தான்.

போகலாம். வாயை மூடிக்கொண்டு போய்விட்டால், இரண்டு வாரத்தில் எல்லாம் ஆறிவிடும். அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொள்வார், ஜேம்ஸ் ரகசியமாக சிலிண்டரைச் சரி பண்ணிவிடுவான், அத்தை தாம்பூலத்தட்டோடு வீட்டுக்கு வருவாள். அபிகாயில் மட்டும் வாழ்நாள் முழுக்க, வீட்டில் எந்த விளக்கு எரியாமலிருந்தாலும், யார் அழித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே படுப்பாள்.

ஜேம்ஸ் அவளைக் கெஞ்சலாகப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அத்தை" என்று மரியபுஷ்பத்தின் கையைப் பிடித்தாள். "நான் சொல்றதை நீங்க நம்ப வேணாம். வண்டிக்குள்ள வந்து ஒரு நிமிஷம் உட்காருங்க. அதுவே ஒண்ணு சொல்லும். படிச்சுப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

"அபி, வேண்டாம்" என்றான் ஜேம்ஸ்.

அந்தக் குரல்தான் மரியபுஷ்பத்தை நிறுத்தியது. முப்பது வருஷம் வார்டில் நின்றவள். எந்த முனகல் வலி, எந்த முனகல் பயம் என்று பிரித்தறியத் தெரியாதா? மகன் முகத்தை ஒரு முறை, நிதானமாகப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்து நடந்தாள்.

அபிகாயில் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, தான் ஓட்டுநர் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். வெளியே ஜேம்ஸ் ஓடி வந்தான். சாமந்தி மாலை உரசக் காரைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான். என்னவோ சொன்னான், உதடு அசைவது மட்டும் தெரிந்தது. இன்னும் பலமாகத் தட்டினான்.

"யாரு தட்டுறது?" என்றாள் மரியபுஷ்பம், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

"தட்டட்டும் அத்தை" என்றாள் அபிகாயில். கண்ணாடியை இறக்காமலே சாவியைத் திருப்பி, பூஜ்யம் காட்டிய வரியோடு ஃபிரெடியின் போனை அவள் கையில் கொடுத்தாள்.